டவர் ஃபுல்லா இருக்கு, கால் மட்டும் நிலைக்கவில்லையா? டவர் மாறும் இடத்துக் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

"ஏனுங்க, டவரே கிடைக்கறதில்லீங்க" என்று யார் போனை நீட்டினாலும் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி. நின்ற இடத்தில் அப்படியா, நகரும்போதா? பேசிக்கொண்டிருக்கும்போதா, போன் சும்மா சட்டைப்பையில் கிடக்கும்போதா? இதற்குப் பதில் தெரியாமல் சிம்மைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போடுவது, புது சிம் வாங்குவது, கடைசியில் போனையே மாற்றுவது எல்லாம் தண்டச் செலவு. மூன்று வருஷம் டிரைவ் டெஸ்ட் வேலை பார்த்தவன் நான். அதாவது காரில் ஒரு லேப்டாப்பும் நாலு போனும் வைத்துக்கொண்டு வாளையாரிலிருந்து சங்ககிரி வரை ரோடு ரோடாகச் சுற்றி, எங்கே எந்த டவர் பிடிக்கிறது, எங்கே அறுகிறது என்று பதிவு செய்யும் வேலை. அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

அந்த இரண்டாவது கேள்வி ஏன் முக்கியம் என்றால், நீங்கள் பேசும்போதோ நெட் ஓடும்போதோ எந்த டவருக்கு மாறுவது என்று முடிவெடுப்பது போன் கிடையாது, டவர். பக்கத்து டவர்களின் பலத்தைப் போன் அளந்து சொல்லும், "சரி, அங்கே போ" என்று இப்போதைய டவர்தான் உத்தரவு போடும். இதற்கு ஹேண்டோவர் என்று பேர். ஆனால் போன் சும்மா கிடக்கும்போது தலைகீழ்: எந்த டவரில் உட்காருவது என்று போனே முடிவெடுத்துக்கொள்ளும். ஆக, நகரும்போது பேச்சு அறுந்தால் பெரும்பாலும் சிம் கம்பெனி பக்கக் கோளாறு, செட்டிங்கைத் தட்டி ஒன்றும் பெரிதாக ஆகாது. சும்மா கிடக்கிற போனுக்குக் கால் வரவில்லை என்றால் உங்கள் கையில் செய்ய வேலை இருக்கிறது.

இன்னொன்று, கோடு எண்ணுவதை விடுங்கள். எத்தனை கோடு காட்டுவது என்பது போன் கம்பெனியின் இஷ்டம். ஆண்ட்ராய்டில் *#*#4636#*#* அடித்தால் (சில போனில் இது திறக்காது), அல்லது நெட்மான்ஸ்டர் மாதிரி ஓர் ஆப் போட்டால், இரண்டு எண் கிடைக்கும். ஐபோனில் *3001#12345#*. ஒன்று ஆர்எஸ்ஆர்பி, மைனஸில் வரும் சிக்னல் பலம்: மைனஸ் 80, 90 என்றால் நல்லது, 105 தாண்டினால் சுமார், 115 தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் அறும். இன்னொன்று பிசிஐ, எந்த டவரின் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று காட்டும் அடையாள எண். 4ஜியில் அது 0 முதல் 503 வரை. கீழே இந்த இரண்டையும்தான் அடிக்கடி சொல்வேன்.

ரயிலிலோ பஸ்ஸிலோ போகும்போது தினமும் ஒரே இடத்தில் கால் கட் ஆகிறது

கோவையிலிருந்து ஈரோடு கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். தினமும் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களைக் கேளுங்கள், எந்தக் கேட் தாண்டினால் "ஹலோ ஹலோ" சொல்ல வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். தினமும் அதே இடம் என்பதே பாதி விடை. போன் கெட்டிருந்தால் இடம் பார்த்துக் கெடாது.

ரயில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர். பக்கத்து டவர் கொஞ்சம் பலமாகத் தெரிந்தவுடனே மாற்றிவிட மாட்டார்கள், இத்தனை டெசிபல் கூடுதலாக, இத்தனை மில்லிசெகண்ட் தொடர்ந்து தெரிந்தால்தான் மாற்றுவது என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். வரம்பைக் குறைத்தால் போன் இரண்டு டவருக்கும் நடுவில் பந்து மாதிரி போய்ப் போய் வரும். கூட்டினால் மாற வேண்டிய உத்தரவு வருவதற்குள் பழைய டவர் கேட்காத தூரத்துக்கு வண்டி போய்விடும். ஊருக்குள் நடக்கிறவனுக்கும் ரயிலில் போகிறவனுக்கும் ஒரே வரம்பு வைத்தால் யாராவது ஒருத்தருக்கு அறுந்துதான் தீரும்.

எது கோளாறு என்று கண்டுபிடிக்க அந்த இடத்தில் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். எல்லா டவரும் மைனஸ் 115க்குக் கீழே கிடந்தால் அங்கே சிக்னலே இல்லை, பேச்சே வேண்டாம். நீங்கள் இருக்கும் டவர் மைனஸ் 116, பக்கத்து டவர் மைனஸ் 97, ஆனாலும் பிசிஐ எண் மாறவே இல்லை என்றால் மாற்றுவதில் கோளாறு: ஒன்று வரம்பு தப்பு, அல்லது அந்தப் பக்கத்து டவர் இந்த டவரின் அண்டைப் பட்டியலிலேயே இல்லை. போன் "அங்கே ஒருத்தர் பலமாக இருக்கிறார்" என்று சொன்னாலும், "யாரது, எனக்குத் தெரியாதே" என்று இந்த டவர் சும்மா இருந்துவிடும். புது டவர் வைத்த இடங்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பிசிஐ எண் இரண்டுக்கும் நடுவில் மாறி மாறி ஆடினால் பந்து விளையாட்டு.

சத்தம் இரண்டு வினாடி நின்று தானாகத் திரும்ப வந்தால், அறுந்த தொடர்பைப் போன் ஓடிப்போய் ஒட்ட வைத்துவிட்டது என்று அர்த்தம். மோசம்தான், ஆனால் முழுசாகக் கட் ஆவதைவிடத் தேவலை.

உங்களால் முடிந்தது ஒன்று: அந்த வழியில் 5ஜியை அணைத்து 4ஜியில் மட்டும் வைத்து இரண்டு நாள் பாருங்கள். 5ஜி விட்டு விட்டு இருக்கும் பாதையில் டவர் மாறுவதோடு 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறுவதும் சேர்ந்துகொள்கிறது, அறுவதற்கான இடங்கள் கூடுகின்றன. வீடு வந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். சிக்னலுக்காகப் படிக்கட்டில் நின்று பேசாதீர்கள், அதைவிட முக்கியமான கால் எதுவும் இல்லை.

மலைமேல் ஏறினால் ஃபுல் டவர், ஆனால் பேச முடியவில்லை

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. இரண்டிலும் வெளி தெரியும் வளைவில் நின்று வீடியோ கால் போடுகிற ஆட்களைப் பார்க்கலாம், கோடு நிறைய இருக்கும், முகம் உறைந்து நிற்கும். காரணம் சிக்னல் குறைவு இல்லை, மிகுதி. கீழே சமவெளியில் இருக்கும் டவர் எல்லாம் மறைப்பே இல்லாமல் மேலே தெரிகிறது, எல்லாம் ஏறத்தாழ ஒரே பலத்தில், ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்கு இரைச்சல். இருபது பேர் ஒரே சமயத்தில் கூப்பிட்டால் யார் சொல்வதும் காதில் விழாதே, அப்படி. தூரத்து டவர் ஒன்றில் போய் ஒட்டிக்கொண்டால் அதற்குப் பக்கத்து வளைவில் இருக்கும் டவரைத் தெரியாது, நகர்ந்ததும் அறும்.

வைத்தியம் கேட்டால் சிரிப்பீர்கள்: நல்லா தெரியும் இடத்தை விட்டுக் கொஞ்சம் மறைவுக்கு வாருங்கள். மலை ஒரு பக்கத்தை அடைத்துக்கொள்ளும்படி நின்றால் பாதி டவர் மறைந்து மீதி ஒன்றிரண்டு தெளிவாகிவிடும். மருதமலை, சென்னிமலை மாதிரி இடத்திலும் இதே கதைதான், மதிலின் இந்தப் பக்கம் வந்தாலே பல சமயம் சரியாகிவிடும்.

போன் ஆனில்தான் இருக்கிறது, கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப் என்கிறது

சட்டைப்பையில் கிடக்கும் போன் எந்த டவரில் இருக்கிறது என்று நெட்வொர்க்குக்குத் துல்லியமாகத் தெரியாது. பல டவர்களைச் சேர்த்து ஒரு வட்டாரமாக வைத்திருப்பார்கள், அந்த வட்டாரம் மாறும்போது மட்டும் போன் தகவல் சொல்லும். கால் வந்தால் வட்டாரம் முழுக்கத் தண்டோரா போடுவார்கள், போன் காதில் விழுந்தால் பதில் வரும். போன் ஒரே இடத்தில் கிடந்தாலும் "இருக்கிறேன்" என்று அவ்வப்போது சொல்ல வேண்டும், 4ஜி, 5ஜிக்குப் பொதுவாக வகுத்திருக்கும் தரவிதியில் அதற்கு வைத்திருக்கும் இயல்பு நேரம் 54 நிமிஷம். கம்பெனிகள் இதை மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது திருப்பூர் பனியன் கம்பெனி ஷெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தகரக்கூரை, உள்ளே நாலு வரிசை மெஷின். உள்ளே போனதும் போன் காது அடைத்துவிடும், ஆனால் நெட்வொர்க் பழைய கணக்குப்படி தண்டோரா போட்டுக்கொண்டே இருக்கும். வெளியே வந்த பிறகும் உடனே சரியாகாததற்குக் காரணம் உண்டு. சிக்னல் இல்லாத நேரத்தில் பேட்டரியைக் காப்பாற்றப் போன் தேடும் இடைவெளியை நீட்டிக்கொண்டே போகும். பதிவு செய்ய ஐந்து தடவை முயன்று தோற்றால், தரவிதிப்படி 12 நிமிஷம் வரை சும்மா உட்கார்ந்துவிடவும் கூடும். ஏரோப்ளேன் மோடு பத்து வினாடி போட்டு எடுத்தால் "மந்திரம் மாதிரி" வேலை செய்வது இதனால்தான், காத்திருப்பெல்லாம் அழிந்து முதலிலிருந்து பதிவு நடக்கும்.

இரண்டு சிம் வைத்திருந்தால் ஒன்றில் பேசும்போது இன்னொன்று பெரும்பாலான போன்களில் எட்டாது. அது கோளாறு இல்லை. கால் வந்தவுடன் நெட் நின்றால் வோல்ட்டி (4ஜியிலேயே பேசும் வசதி) அணைந்திருக்கிறது, போன் பேசுவதற்காக 2ஜிக்கு இறங்குகிறது. அதைப் போடுங்கள், முடிந்தது.

தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடவில்லை

நம் பக்கம் இதுதான் எனக்கு அதிகம் வரும் கேஸ். போர் மோட்டாரை வீட்டிலிருந்தே போட, நிறுத்த மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டாத தோட்டம் இன்றைக்குக் குறைவு. நகரவே நகராத இந்தப் பெட்டிக்கும் டவர் மாறும் பிரச்சினை வரும் என்றால் அப்பிச்சி நம்ப மாட்டார், ஆனால் வரும்.

முதலில் சிம்முக்கு ரீசார்ஜ் இருக்கிறதா பாருங்கள். வெட்கமாக இருக்கலாம், ஆனால் பாதிப் பேருக்கு இங்கேயே முடிந்துவிடும். அடுத்து, பெட்டி 2ஜி பெட்டியா 4ஜி பெட்டியா? 2ஜி பெட்டியில் ஜியோ சிம் எந்தக் காலத்திலும் வேலை செய்யாது, 2016 செப்டம்பரில் வந்ததிலிருந்து அவர்களிடம் 2ஜியே கிடையாது. பெட்டியைக் கொண்டுபோய் ரிப்பேருக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டும் சரியாக இருந்து, சில நேரம் எடுக்கிறது சில நேரம் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்கிறது என்றால் இதைக் கவனியுங்கள். தோட்டம் இரண்டு டவருக்கு நடுவில், இரண்டும் ஒரே அளவு சிக்னல். காற்றடித்தால் தென்னை ஆடுவதற்கே ஒன்று கூடி ஒன்று குறையும். பெட்டி சும்மா கிடக்கும் போன் மாதிரிதான், தானே முடிவெடுத்து இங்கும் அங்கும் மாறிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு டவரும் வேறு வேறு வட்டாரம் என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், சரியாக அந்த நேரத்தில் நீங்கள் கொடுத்த மிஸ்டு கால் பழைய வட்டாரத்தில் தண்டோரா போடப்பட்டு யார் காதிலும் விழாமல் போகும். கரன்ட் போய் வந்த உடனே கூப்பிட்டாலும் இதே பதில்தான், பெட்டி எழுந்து பதிவு செய்ய ஒரு நிமிஷமாவது கொடுங்கள்.

சரி செய்வது சுலபம். ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள் சுருட்டி வைக்காதீர்கள், ஒயரை நீட்டி வெளியே எடுத்து, மோட்டார் ரூம் சுவரில் ஏதாவது ஒரு டவர் பக்கம் பார்த்த மாதிரி மாட்டுங்கள். சுவரே மறுபக்க டவரைக் கொஞ்சம் மறைக்கும். உயரமாகக் கம்பம் நட்டு மேலே ஏற்றினால் இன்னும் நல்லது என்று தோன்றும், இரண்டு டவருக்கு நடுவில் இருந்தால் ஏற்றாதீர்கள், ஆட்டம் கூடும். எங்கள் மாமனார் தோட்டத்துச் சாளையில் ஆன்டெனாவைத் தெற்குச் சுவரிலிருந்து வடக்குச் சுவருக்கு மாற்றினோம், அவ்வளவுதான் செலவு.

கையோடு பெட்டியின் ரகசிய எண்ணையும் மாற்றுங்கள். வாங்கும்போது வந்த 1234ஐ அப்படியே வைத்திருந்தால் நம்பர் தெரிந்த யாரும் எஸ்எம்எஸ்ஸில் மோட்டாரைப் போட்டு ஆழ்குழாய் வற்ற விடலாம். அனுமதித்த எண்களுக்கு மட்டும் பதில் சொல்லும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள்.

வீட்டில் பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டினால் அறுகிறது

வைஃபை காலிங். வீட்டு வைஃபையில் ஓடும் பேச்சு வெளியே வந்ததும் 4ஜிக்கு மாற வேண்டும், ஆனால் போன் சாகக்கிடக்கும் வைஃபையைக் கடைசி வரை விடாது. வைஃபை காலிங் செட்டிங்கில் "மொபைல் நெட்வொர்க்குக்கு முன்னுரிமை" இருந்தால் அதை வையுங்கள். இல்லாவிட்டால் பேசிக்கொண்டே கிளம்பும்போது முதலில் வைஃபையை அணையுங்கள்.

வாளையார் போய் வந்த பிறகு சர்வீஸே இல்லை

எல்லையில் போன் கேரளா டவரைப் பிடிக்கும். கம்பெனி ஒன்றே என்றாலும் பழைய கம்பெனிகள் பலவற்றுக்கு மாநிலத்துக்கு மாநிலம் நெட்வொர்க் எண் வேறு, அதனால் போனுக்கு அது ரோமிங். டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் சில போனில் நெட் நின்றுவிடும். இது சின்ன விஷயம்.

பெரிய தொல்லை இரண்டு. ஒன்று, அங்கே டவர் கிடைக்கவில்லை என்று நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டு அப்படியே ஊருக்கு வருவது. போன் கேரளா நெட்வொர்க்கையே தேடிக்கொண்டு பொள்ளாச்சியில் அநாதையாக நிற்கும். "தானாகத் தேர்ந்தெடு" என்று மாற்றுங்கள். இரண்டாவது, ஏதோ ஒரு நெட்வொர்க் "உனக்கு இங்கே இடமில்லை" என்று மறுத்தால் அதன் எண் சிம்மிலேயே தடைப்பட்டியலில் எழுதப்படும். போனை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் அது போகாது, வேறு போனில் போட்டாலும் கூடவே வரும். அந்த நெட்வொர்க்கை ஒரு தடவை கையால் தேர்ந்தெடுத்து அது ஏற்றுக்கொண்டால் பட்டியலிலிருந்து நீங்கும், அப்புறம் மறுபடி தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள்.

நல்ல 4ஜி இருக்கும் டவுனில் திடீரென்று 2ஜி, கூடவே விநோதமான மெசேஜ்

காந்திபுரத்தில் நிற்கும்போது 4ஜி மறைந்து 2ஜி வந்து, "இன்று இரவு கரன்ட் கட், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று மெசேஜ் வந்தால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் சாதாரண சிக்னல் இறக்கமும் சாதாரண மோசடி எஸ்எம்எஸ்ஸும் தற்செயலாகச் சேர்ந்ததுதான். ஆனால் போலி டவர் என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. 2ஜியில் டவர் போனைச் சோதிக்கும், போன் டவரைச் சோதிக்காது. பலமாகக் கத்துகிற எவனையும் போன் டவர் என்று நம்பிப் போய் உட்கார்ந்துவிடும், அவன் எந்தப் பேரில் வேண்டுமானாலும் மெசேஜ் அனுப்பலாம். 3ஜியிலிருந்து இரண்டு பக்கமும் சோதனை உண்டு. 4ஜியிலும்கூட, சோதனை நடக்கும் முன்பு வரும் சில மறுப்புகளைப் போன் நம்பிவிடும் என்ற ஓட்டை இருந்தது. 2016இல் ஆய்வாளர்கள் அதைச் செய்தே காட்டினார்கள். சிம்மின் நிரந்தர எண்ணும் 4ஜியில் சில சமயம் மறைப்பில்லாமல் காற்றில் போகும். 5ஜியில் அதைப் பூட்டி அனுப்ப வழி செய்திருக்கிறார்கள், கம்பெனி அந்தப் பூட்டைப் போட்டிருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் சிம் செட்டிங்கில் "2ஜியை அனுமதி" என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஊருக்குள்ளேயே இருப்பவர் அணைத்துவிடுங்கள், அவசர அழைப்பு அப்போதும் போகும். ஐபோனில் லாக்டவுன் மோடு போட்டால் 2ஜி அணையும், கூடவே வேறு பல வசதியும் போகும். ஆனால் சத்தி காட்டு வழியே லாரி ஓட்டுகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அங்கே சில இடங்களில் கிடைப்பதே 2ஜி மட்டும்தான். மோசடி மெசேஜை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு பகுதியில் பதியலாம். பணம் போயிருந்தால் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும்போது ஒரு சிம் மட்டும் செத்துவிட்டது

பக்கத்தில் அதே கம்பெனி சிம் வேலை செய்கிறது, உங்களுடையது மட்டும் மணிக்கணக்கில் இல்லை என்றால் இங்கே மேலே சொன்ன எதையும் முயன்று நேரத்தைக் கடத்தாதீர்கள். உங்கள் பேரில் வேறு யாராவது டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம். வேறு போனிலிருந்து கம்பெனியையும் பேங்கையும் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். சிம் மாற்றிய 24 மணி நேரத்துக்குப் புது சிம்மில் எஸ்எம்எஸ் நிறுத்தப்பட்டிருக்கும், 2024 ஜூலை 1 முதல் ஏழு நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாற்றவும் முடியாது. ஆனால் முந்துகிறவருக்குத்தான் அந்த 24 மணி நேரம் பயன்.

புகார் எழுதும்போது

கம்பெனியின் புகார் எண்ணான 198க்குக் கூப்பிட்டு "டவர் இல்லை" என்றால் "உங்கள் பகுதியில் சிக்னல் சரியாக உள்ளது" என்று மூடிவிடுவார்கள், அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை, சிக்னல் இருக்கிறதுதான். தோட்டத்துக்குப் போகும் வளைவில் எனக்கே இரண்டு தடவை அப்படி மூடினார்கள். மூன்றாவது தடவை எழுதிக் கொடுத்தேன்: தேதி, நேரம், மேப்பில் குத்திய இடம், பைக்கில் எந்தத் திசையில் போனேன், 4ஜி, இருந்த டவரின் பிசிஐ எண், அதன் பலம் மைனஸ் 118, பக்கத்து டவரின் பிசிஐ எண், அதன் பலம் மைனஸ் 97, இருபது வினாடி மாறவில்லை, இரண்டு போனில் இதே முடிவு. மூன்று வாரம் கழித்து ஒரு இன்ஜினியர் பையன் கூப்பிட்டு, "அண்ணா, அந்த ரெண்டாவது நம்பர் ஊர்க்கோயில் பக்கம் போன மாசம் வெச்ச டவருங்ண்ணா, லிஸ்ட்ல சேர்க்கலீங்க" என்றான்.